மூன்று தடவை கேஸ் அடித்தும் குளிராத கார்

கேள்வி: அண்ணே, எங்களிடம் 2008 மாடல் சான்ட்ரோ இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. வீடு தூத்துக்குடியில், முத்தையாபுரம் பக்கம். போன வருடம் சித்திரையில் ஏ.சி. குளிரவில்லை என்று கேஸ் அடித்தோம். ஆறு மாதம் ஓடியது. மறுபடி அடித்தோம், மூன்று மாதம் வந்தது. இந்தப் பங்குனியில் மூன்றாவது தடவை அடித்தது ஐந்து வாரம்தான் தாங்கியது. பைபாஸில் போகும்போது ஓரளவு குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்று. இப்போது கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொரு கடைக்காரர், பாதி விலையில் வேறு கேஸ் இருக்கிறது, அது இன்னும் ஜில்லென்று இருக்கும் என்கிறார். மாதம் ஒரு தடவை அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், வெயில் அவருக்கு ஆகாது. கம்ப்ரஸர் மாற்றுவதா, அந்தக் கேஸைப் போடுவதா, வண்டியையே கொடுத்துவிடுவதா?

பதில்: தம்பி, மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஆறு மாதம், மூன்று மாதம், ஐந்து வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் எங்கேயோ ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது, அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதை அடைக்காமல் நான்காவது தடவை கேஸ் அடித்தால் மூன்று வாரம் வரும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். கடைக்காரர்களான நாங்களும் சொல்கிறோம். ஆனால் அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. கம்ப்ரஸரில் அழுந்திச் சூடான கேஸ், முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வ் என்ற குறுகலான துளை வழியாக, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பீய்ச்சப்பட்டு, அங்கே காற்றின் சூட்டை வாங்கிக் கொதித்து, மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கசியும், அது உண்மை. ஏழெட்டு வருடம் ஆன வண்டிக்கு ஒரு தடவை டாப்-அப் தேவைப்பட்டால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து வாரத்தில் காலியாவது அந்தக் கசிவில் சேராது.

உங்கள் கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. கத்திரி வெயிலில் வாசலில் பத்து வண்டி நிற்கும், பத்து பேரும் "கேஸ் மட்டும் அடிங்கண்ணே, அவசரம்" என்பார்கள். லீக் பார்க்கணும், ஒரு நாள் வண்டியை விட்டுப் போங்கள் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி அடித்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் மூன்றாவது தடவை வந்தவரிடம் லீக்கைப் பற்றிப் பேசாமல் நேராகக் கம்ப்ரஸருக்கு விலை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டை எங்கே இருக்கும்? வண்டியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முத்தையாபுரம் என்று எழுதியதுமே எனக்கு உப்பளம்தான் ஞாபகம் வந்தது. கண்டன்சர் முழுக்க அலுமினியம். வண்டியின் முகத்திலேயே, ரேடியேட்டருக்கும் முன்னால் நின்று எதிர்க்காற்றை எல்லாம் வாங்குகிற பாகம். கடல் காற்றிலும் உப்புப் புழுதியிலும் 15 வருடத்துக்கு மேல் நின்ற கண்டன்சரைக் கையால் தடவிப் பார்த்தால் அதன் மெல்லிய தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும். அரித்துப்போன அப்பளம் மாதிரி இருக்கும். தகடு உதிர்ந்தால் சூடு இறங்காது. குழாயையும் அரித்தால் கேஸ் நிற்காது. உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துக் கண்டன்சரையும் பைப் ஜாயின்ட்டுகளையும் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்க, ஒரு இடத்தில் மட்டும் தூசி பிசுபிசுவென்று கறுத்து ஒட்டியிருந்தால் அங்கேதான் லீக். ஏனென்றால் கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஆயில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும். கேஸ் ஏற்றும் வால்வின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே டயர் டியூப்பில் இருப்பது மாதிரி ஒரு சின்னப் பின் இருக்கும். சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு அதன்மேல் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். குமிழி வந்தால் பத்து இருபது ரூபாய்ப் பின்னுக்காகத்தான் மூன்று தடவை கேஸ் அடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பின்னை நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள், எந்த ஜாயின்ட்டையும் தளர்த்தவும் வேண்டாம். வெளியே வரும் ஆர்-134ஏ, அதுதான் உங்கள் வண்டியின் ஏ.சி. கேஸ், மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம். கையில் பட்டால் தோல் உறைந்து கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அடுத்து, சிக்னலில் நின்றால் குளிர்வதில்லை என்கிறீர்கள். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கேஸ் குறைவாக இருந்து, ஐடிலில் கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும்போது போதாமல் போவது ஒன்று. கண்டன்சரின் சூடு இறங்காதது இன்னொன்று. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று இருக்கிறது. நின்ற வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஏ.சி. போட்டதும், கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு காந்தத்தால் இணைக்கும் க்ளட்ச் 'டக்' என்று விழ வேண்டும், கொஞ்ச நேரத்தில் முன்னால் ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றுகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். பழைய மோட்டாரில் கார்பன் தேய்ந்து, சோம்பலாகச் சுற்றும். ஒரு முழு நியூஸ் பேப்பர் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடித்துக் கையை விடுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபேன் நன்றாக இழுக்கிறது. வழுக்கி விழுந்தால் மோட்டாரையும் ரிலேவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஷெட்டில் செய்கிற இன்னொரு வேலையும் சொல்கிறேன். வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சின் ஓட, ஏ.சி. ஃபுல்லில் இருக்க, டாஷ்போர்டில் காற்று வரும் வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, முன்பக்க கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாக நாலைந்து குவளைத் தண்ணீர் ஊற்றுவோம். கை உள்ளே போகக் கூடாது, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். 19, 20 என்று நின்ற எண் இரண்டு நிமிடத்தில் 13, 12 என்று இறங்கினால் குற்றம் கண்டன்சர் பக்கம்தான். தகடு அடைப்பு, அரிப்பு, ஃபேன் இந்த மூன்றில் ஒன்று. பெரிய மாற்றம் தெரியாவிட்டால் கேஸ் அளவையோ வேறு எதையோ தேட வேண்டும். உங்கள் வண்டியில் இப்போது மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் இந்தச் சோதனையை வேலை முடிந்த பிறகு செய்து பாருங்கள்.

சரி, கம்ப்ரஸர் கதைக்கு வருவோம். கம்ப்ரஸர் உண்மையிலேயே போயிருந்தால் அது சொல்லிவிடும். ஒன்று, கடகடவென்று சத்தம் வரும். அல்லது இறுகி நின்று பெல்ட் கருகும். அல்லது ஷாஃப்ட் சீல் போய்க் க்ளட்சைச் சுற்றி ஆயில் தெறித்திருக்கும். இது எதுவும் இல்லாமல் உள்ளே தேய்ந்திருந்தால், சரியான எடைக்கு கேஸ் ஏற்றிய பிறகும் கேஜில், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டரில், லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) ஏறியும் ஹை பக்கம் (அழுந்தி வெளியே போகும் பக்கம்) இறங்கியும் நிற்கும். நம் வெயிலில் ஓடுகிற வண்டிக்கு லோ பக்கம் 30, 40 பி.எஸ்.ஐ., ஹை பக்கம் 200க்கு மேல் 250 வாக்கில் இருப்பது நல்ல நிலைமை. லோ 70, ஹை 120 என்று இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படலாம். கேஸ் பாதி போன வண்டியில் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டுக் கம்ப்ரஸரைக் குறை சொல்ல முடியாது. "எந்த ரீடிங்கைப் பார்த்துச் சொன்னீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்தார். காலையில் குளிரும், மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் குளிராது. கம்ப்ரஸர் மாற்ற விலை வாங்கிவிட்டு, எதற்கும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று மதுரைக்கு ஓட்டி வந்திருந்தார். வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். க்ளட்ச் விழவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் க்ளட்ச் தட்டை லேசாகத் தள்ளினேன். டக்கென்று பிடித்துக்கொண்டு குளிர ஆரம்பித்தது. (இதை நீங்கள் செய்ய வேண்டாம், பெல்ட் சுற்றுகிற இடம்.) தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து தேய்ந்து ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது. க்ளட்சின் காந்தக் காயில் சூடாகும்போது அதன் இழுப்பு குறையும், அவ்வளவு தூரத்திலிருந்து தட்டை இழுக்க முடியாது. உள்ளே இருந்த ஒரு சின்ன வாஷரை எடுத்துவிட்டு மாட்டினேன். கூலி மட்டும்தான்.

ஆனாலும் உங்கள் கம்ப்ரஸரைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. மூன்று தடவையும் கேஸ் வெளியே போனபோது ஆயிலும் கூடவே கொஞ்சம் போயிருக்கும். சின்ன வண்டியில் மொத்த ஆயிலே 100, 150 மில்லிதான். கேஸ் அடித்தவர்கள் ஆயில் விட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடவில்லை என்றால் இன்றைக்கே ஏ.சி. சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள், வேலை முடியும் வரை போட வேண்டாம். இந்த நிலையில் ஓட்டினால்தான் நல்ல கம்ப்ரஸரும் போகும், அப்புறம் அவர் சொன்ன 22,000 உண்மையாகிவிடும்.

பாதி விலைக் கேஸ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் எல்.பி.ஜி. வகையறா, அல்லது அது கலந்த கலவை. நன்றாகக் குளிரும், பொய்யில்லை. அதனால்தான் விற்கிறது. ஆனால் கூலிங் காயில் எங்கே இருக்கிறது? அம்மா உட்காரும் சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்கு உள்ளே. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அந்தக் காயில் லீக் ஆனால் அடுப்பு கேஸ் அறைக்குள் நிரம்புவதும் அதுவும் ஒன்றுதான். ப்ளோயர் மோட்டாரின் தீப்பொறி ஒன்று போதும். கலப்படத்தில் இதைவிட மோசமானதும் உண்டு. 2011இல் சரக்குக் கப்பல்களின் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் உள்ளே போன கலப்படக் கேஸ் அலுமினியத்தோடு சேர்ந்து வினைபுரிந்ததுதான் காரணம். சீல் உடைக்காத, பெயர் தெரிந்த கம்பெனிச் சிலிண்டரிலிருந்து உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். லீக் அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்கிறதே, அதுவும் வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும்.

இனி வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள். மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துக்கொண்டு, நைட்ரஜன் ஏற்றி லீக் தேட வேண்டும். நைட்ரஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாமல் மாட்டுகிற இடத்தில் நிற்காதீர்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டுகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும், உள்ளே மிச்சமிருக்கும் கேஸோடு காற்று அழுந்துவதும் ஆபத்து. சிலர் உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப்பால் உறிஞ்சிவிட்டு, "வேக்குவம் போட்டுப் பார்த்தேன், முள் நகரலை, லீக் இல்லை" என்பார்கள். அது போதாது. வேக்குவத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. வண்டி ஓடும்போது கண்டன்சருக்குள் இருப்பது 200க்கு மேல். 15இல் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஓட்டை 200இல் வாயைத் திறக்கும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் கண்டன்சர் ஓரத்தில் மீன் முட்டை மாதிரி பொடிப்பொடியாக நுரை கிளம்புவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கண்டன்சர்தான் என்றால் பற்றவைக்க வேண்டாம், புதிதாகவே போடுங்கள். அரித்த அலுமினியத்தில் ஒரு இடத்தை அடைத்தால் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று திறக்கும். அதோடு ட்ரையரையும், கழற்றிய ஜாயின்ட்டுகளின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். ட்ரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. மூன்று தடவை காலியாகிக் கிடந்த வண்டியில் அவை எப்போதோ குடித்து முடித்திருக்கும். போன ஆயிலுக்கு ஈடாக, உங்கள் கம்ப்ரஸருக்குரிய ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். பிறகு நல்ல பம்ப்பால் முக்கால் மணி நேரம் வேக்குவம். பத்து நிமிடம் போதும் என்பவரிடம் காபி வாங்கிக் கொடுத்தாவது உட்கார வையுங்கள். காற்றை வெளியேற்றப் பத்து நிமிடம் போதும்தான். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அந்த வெற்றிடத்தில் ஆவியாகி வெளியேற நேரம் வேண்டும். ஈரம் தங்கினால் அது எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

கடைசியில் கேஸ். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பைப்பைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுனு ஆயிடுச்சு" என்றோ, கேஜைப் பார்த்தோ நிறுத்தக் கூடாது. பானெட் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கேஸின் பெயரும் இத்தனை கிராம் என்ற அளவும் போட்டிருக்கும். உங்கள் அளவு வண்டிகளுக்கு அரைக் கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழோதான் வரும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைக்கு ஏற்ற வேண்டும். கேஜ் ஏன் போதாது என்றால், நிறுத்தி வைத்த வண்டியில் 30 டிகிரி சூட்டில் உள்ளே 400 கிராம் இருந்தாலும் 150 கிராம் இருந்தாலும் முள் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ.யில்தான் நிற்கும். கொஞ்சமாவது திரவம் உள்ளே இருக்கும் வரை அழுத்தத்தை வைத்து அளவு சொல்ல முடியாது. வீட்டுச் சிலிண்டர் கதையும் இதுதான், அதனால்தானே தூக்கிப் பார்க்கிறோம்.

செலவு? எங்கள் பக்கக் கணக்கில் கண்டன்சர் 3,500 முதல் 5,000 வரை, ட்ரையர், ஓ-ரிங், ஆயில் எல்லாம் 1,500, கேஸும் கூலியும் 2,500 முதல் 3,000. ஆக 10,000 ரூபாய்க்குள் முடியலாம். நுரை கண்டன்சரில் வராமல் உள்ளே கூலிங் காயில் லீக் என்று தெரிந்தால் செலவு கூடும். சில வண்டிகளில் கிளவ் பாக்ஸை இறக்கினால் காயில் வந்துவிடும், சிலவற்றில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். வண்டியைத் திறக்கும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். காயிலைக் கழற்றினால் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கையோடு மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை கழற்ற முடியாது.

இந்தக் கேஸ் இனிமேல் கிடைக்காது, வண்டியை மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் தொழில் கற்றபோது ஆர்-12 இருந்தது, ஓசோனைக் கெடுக்கிறதென்று உலகமே அதை நிறுத்தியது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதையும் குறைக்க இந்தியா 2021இல் ஒப்புக்கொண்டிருக்கிறது. குறைப்பு தொடங்குவதே 2032இல்தான், அதற்குள் உங்கள் சான்ட்ரோவே பென்ஷன் வாங்கிவிடும்.

விற்பதைப் பற்றி: எஞ்சினும் பாடியும் நன்றாக இருந்தால், 10,000 செலவில் அம்மா இன்னும் சில வருடம் குளிரில் போய்வரக்கூடிய வண்டியை நான் கொடுக்க மாட்டேன். அடித்தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் கேள்வி வேறு. லிப்டில் ஏற்றும்போது அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பைபாஸில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், உள் காற்று சுற்றும் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே 38 டிகிரி இருந்தாலும் காற்று வரும் வாயில் 8 முதல் 12 டிகிரிக்குள் வர வேண்டும். வராமல் காற்று லேசாக வெதுவெதுப்பாக இருந்தால் ஹீட்டர் லீவரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்தக் கேபிள் நழுவி, குளிர்ந்த காற்றில் எஞ்சின் சூடும் கலந்துவிடும். புதுக் கண்டன்சரை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்குங்கள். குழாயை மெதுவாகப் பிடித்தால் போதும், வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடு மடங்கும். கார்த்திகை, மார்கழி மழையிலும் வாரம் பத்து நிமிடம் ஏ.சி.யைப் போட்டு விடுங்கள். ஆயில் சுற்றினால்தான் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும், கண்ணாடியில் படியும் ஆவியும் போகும்.